பழியை யார் சுமப்பது?

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. என் கதாபாத்திரம் கொலை செய்தால், போலீஸ்காரர் என் வீட்டுக் கதவைத் தட்டமாட்டார். ஜனங்களை நடத்திச் செல்கிறவனுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. சௌரி சௌராவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

1922 பிப்ரவரி மாதம். கோரக்பூர் ஜில்லாவிலுள்ள அந்தச் சிற்றூரில் ஊர்வலம் போனவர்கள்மீது போலீஸார் சுட்டார்கள். சிலர் மாண்டனர். ஆத்திரம் கொண்ட கூட்டம் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தீ வைத்தது. 20க்கும் மேற்பட்ட போலீஸார் இறந்தார்கள். அந்தக் கூட்டம் கோஷித்ததோ காந்திஜியின் பெயரை!

காந்திஜி வெகு தொலைவில், குஜராத்தில் பர்தோலியில் இருந்தார். அங்கே சட்டமறுப்பைத் தொடங்கப் போவதாக வைஸ்ராய்க்கு எழுதியிருந்தார். 'எங்கோ யாரோ செய்தது' என்று அவர் ஒதுங்கியிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்? ஒதுங்கவில்லை. போராட்டத்தை நிறுத்தினார்; ஐந்து நாள் உபவாசம் இருந்தார். குற்றம் செய்தவர்கள் தாமாகவே சர்க்காரிடம் போய் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். சிறையிலிருந்த மோதிலால் நேருவும் லஜபதி ராயும் கொதித்துப் போனார்கள். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

மார்ச் 18-ஆம் தேதி அகமதாபாத்தில் ராஜத்துரோக விசாரணை. குற்றச்சாட்டு என்னவோ அவர் எழுதிய மூன்று கட்டுரைகளைப் பற்றியதுதான். ஆயினும் பம்பாய், சென்னை, சௌரி சௌரா சம்பவங்களுக்கும் தாமே பொறுப்பு என்றார். கடுமையான தண்டனையையே கேட்டார். நீதிபதி புரூம்ஃபீல்டு ஆறு வருஷம் விதித்தார்.

இத்துடன் முடிந்திருந்தால் கைகூப்பிவிட்டு எழுந்துவிடலாம். முடியவில்லையே! சௌரி சௌரா வழக்கில் செஷன்ஸ் கோர்ட்டு 172 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1923-ல் அலகாபாத் ஹைகோர்ட்டு அதை 19 பேருக்கு உறுதி செய்தது. அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். காந்திஜி 1924-ல், குடல்வால் ஆபரேஷனுக்குப் பிறகு, விடுதலையானார்.

தலைவர் பழியை ஏற்றதனால் குடியானவன் கழுத்துக் கயிறு அவிழவில்லை. அப்படியானால் ஏற்றதில் என்ன பயன்? நெடுநாள் யோசித்திருக்கிறேன். 'ஒப்புக்கொள்' என்று பிறரிடம் சொன்னவர், தம் முறை வந்தபோது தாமும் ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான். அது சிறிய விஷயமல்ல. ஆனால் அவர் கொடுத்த விலையும் அவர்கள் கொடுத்த விலையும் ஒன்றல்ல. 'நானே பொறுப்பு' என்று சொல்லும் எந்தத் தலைவனும் அந்த 19 பேரையும் எண்ணிக்கொண்டுதான் சொல்லவேண்டும்.