பூட் சாதனம், ரூட் சாதனம்

கணினிக்கு மின்சாரம் வந்ததும் அதன் ஃபர்ம்வேர் முதலில் தேடிப் படிக்கும் வட்டு பூட் சாதனம். இயங்குதளத்தின் கோப்பு மரம் தொடங்கும் பகிர்வு ரூட் சாதனம். இரண்டும் ஒரே வட்டில் இருப்பது வழக்கம், கட்டாயமில்லை. பென்டிரைவில் பூட் ஆகி, ரூட்டை ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கும் கணினிகளும் உண்டு.

'பூட்', 'பூட்ஸ்டிராப்' என்பதன் சுருக்கம். காலணியை இழுத்து மாட்ட உதவும் பட்டை அது. அதைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்று, நடக்காத காரியத்தை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் கேலி செய்தார்கள். சிறு நிரல் ஒன்று பெரிய நிரலை ஏற்றிக் கணினியை எழுப்புவதற்கு 1950களில் அந்தக் கேலியே பெயரானது. 'ரூட்' என்றால் வேர். கோப்பு மரத்தில் மட்டும் வேர் உச்சியில் இருக்கிறது.

பூட் சாதனமும் ரூட்டும் வேறு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் தொடங்கியது. அக்கணினிகளில் விண்டோஸுடன் சென்னை சிடாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் தரப்பட்டது. பூட் வட்டு ஒன்றுதான். மாணவர் எதைத் தேர்ந்தாரோ அதற்கேற்ப ரூட், அதாவது இயங்குதளப் பகிர்வு, மாறியது.

லினக்ஸில் ரூட்டைக் கண்டறிய, இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்குத் தரப்பட்ட கட்டளை வரியில் 'ரூட்' என்ற சொல்லுக்கு எதிரே உள்ளதைப் பார்த்தால் போதும். எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற வட்டுப் பெயர்களை நம்பக் கூடாது. வட்டுகள் கண்டறியப்படும் வரிசை மாறினால் அவையும் மாறும். பகிர்வின் அடையாள எண்ணான யூயூஐடி அப்படி மாறாது. விண்டோஸில் குழப்பம் அதிகம்: பூட் ஆகும் பகிர்வை மைக்ரோசாஃப்ட் 'சிஸ்டம் பகிர்வு' என்றும், விண்டோஸ் கோப்புகள் உள்ளதை 'பூட் பகிர்வு' என்றும் அழைக்கிறது.