தங்கப் படலமும் டிங்கிக் காய்ச்சலும்

மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்பது இரண்டு உயிர்மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றுவதையும் விடுவதையும், அது நடக்கும்போதே ஒளியைக் கொண்டு அளக்கும் முறை. இதன் வரலாறு ஒரு புதிரில் தொடங்குகிறது. 1902இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், உலோகக் கீற்றணியில் பட்டு வந்த ஒளியின் நிறமாலையில் காரணம் புரியாத கரும்பட்டைகளைக் கண்டார். பினாங்கில் 1901 இறுதியில் பரவிய டிங்கிக் காய்ச்சலைப் பற்றிய மருத்துவக் குறிப்பு வெளிவந்ததும் அதே 1902இல்தான். மலாயாவில் இந்நோய் பற்றிய முதல் பதிவு அது. இந்த இரண்டு கதைகளும் ஓர் ஆய்வு மேசையில் சந்திக்க நூறாண்டுகளுக்கு மேல் ஆனது.

புதிரின் முடிச்சு மெல்லத்தான் அவிழ்ந்தது. உலோகப் பரப்பில் எலக்ட்ரான்கள் கூட்டாக அலைவுறும் என்று 1957இல் ரிட்சி கணித்துக் காட்டினார். அந்த அலைவை முப்பட்டகத்தின் உதவியால் எழுப்பலாம் என்பதை 1968இல் ஜெர்மனியில் ஒட்டோ ஒரு வழியிலும், கிரெட்ச்மன், ரேத்தர் இருவரும் சேர்ந்து இன்னொரு வழியிலும் நிறுவினர். இன்று பெரிதும் வழங்குவது பின்னவர்களின் அமைப்பே. அதில் கண்ணாடியின்மேல் சுமார் 50 நானோமீட்டர் தடிப்பில் தங்கம் படிந்திருக்கும். கண்ணாடி வழியே வரும் ஒளி தங்கத்தில் பட்டுத் திரும்பும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் அதன் ஆற்றலை எலக்ட்ரான்கள் வாங்கிக்கொள்வதால் திரும்பும் ஒளி மங்கிவிடும். தங்கத்தின் மறுபக்கத்தில் ஏதேனும் ஒரு மூலக்கூறு வந்து ஒட்டினால் ஒளிவிலகல் எண் மாறி, அந்தக் கோணம் நகரும். அந்த நகர்வுதான் அளவீடு.

இதை உயிரியலுக்குக் கொண்டுவந்தவர்கள் சுவீடனின் லிங்ஷோப்பிங் நகரத்து ஆய்வாளர்களான லீட்பெர்க், நைலாண்டர், லுண்ட்ஸ்ட்ரோம். 1983இல் அவர்கள் வெள்ளிப் படலத்தில் எதிர்ப்புரதங்கள் ஒட்டுவதை அளந்தனர். மறு ஆண்டே ஃபார்மாசியா பயோசென்சர் நிறுவனம் உருவானது. 1990இல் இம்முறையில் இயங்கும் அதன் பயகோர் கருவி விற்பனைக்கு வந்தது. அதுவரை மூலக்கூறுகளுக்குக் கதிரியக்கத்தாலோ சாயத்தாலோ அடையாளம் இட வேண்டியிருந்தது. பெரும்பாலும் முடிவில் எவ்வளவு ஒட்டியது என்பது மட்டுமே தெரியும். புதிய முறை எவ்வளவு விரைவில் பற்றியது, எவ்வளவு நேரம் பிடித்திருந்தது என்பதையும் காட்டியது. விரைவில் பற்றி விரைவில் விடும் மருந்தும், மெதுவாகப் பற்றி நீடித்து நிற்கும் மருந்தும் ஒரே பிணைப்பு வலிமை கொண்டிருக்கலாம். ஆனால் உடலில் அவை ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டியதே இம்முறையின் பெரும்பேறு.

மலேசியாவில் இதை வளர்த்ததில் செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்துக்கு முக்கியப் பங்குண்டு. நீரில் கலந்த ஈயம், செம்பு போன்ற உலோகங்களைக் கைட்டோசான் பூசிய தங்கப் படலத்தால் கண்டறியும் ஆய்வுகள் அங்கே நடந்தன. பிறகு கவனம் டிங்கியின் பக்கம் திரும்பியது. அது இயல்பே, நோயாளிகள் அதிகமாகப் பதிவாகும் மாநிலங்களில் செர்டாங் அமைந்த சிலாங்கூரும் ஜொகூரும் அடங்கும்.

2010இல் இந்தியாவின் ஜோத்பூரில் டிங்கிக்கு இம்முறை சோதிக்கப்பட்டது. 2014இல் ஜஹான்ஷாஹி, சல்னெஜாத், ஷாமளா தேவி சேகரன், ஃபைசல் ரஃபிக் மஹமத் அடிகான் ஆகியோரின் ஆய்வு வெளிவந்தது. இவர்களில் ஷாமளா தேவி மலேசியாவின் அறியப்பட்ட டிங்கி ஆய்வாளர். டிங்கி வைரஸின் நான்கு வகைகளையும் சில்லில் பதித்து, நோயாளியின் சீரத்தில் 1 மைக்ரோலிட்டரை மட்டும் கொண்டு, 10 நிமிடத்தில் ஐஜிஎம் எதிர்ப்புரதத்தைக் கண்டறிந்தனர். உணர்திறன் 83 முதல் 93 விழுக்காடு என்றும் தனித்தன்மை 100 விழுக்காடு என்றும் அறிவித்தனர்.

ஆனால் காய்ச்சல் கண்டு சில நாட்கள் கழித்தே ஐஜிஎம் இரத்தத்தில் தெளிவாகத் தென்படும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க, வைரஸின் உறைப்புரதத்தையே நேரடியாகப் பிடிக்கும் உணர்வியை புத்ரா பல்கலைக்கழகக் குழு உருவாக்கி 2020இல் வெளியிட்டது. தங்கத்தின்மேல் கிராஃபீன் சார்ந்த மெல்லிய படலம் அமைத்து, 0.08 பிக்கோமோலார் அளவு வரை அது கண்டறிந்தது.

இத்தனைக்குப் பிறகும் கிளினிக்குகளில் வழக்கமாகக் கையாளப்படுவது வைரஸின் என்எஸ்1 புரதத்தைக் கண்டறியும் பட்டைச் சோதனைதான். ஆய்வகத்தில் தேறிய இந்த உணர்விகளை, ஜொகூர் போன்று நோய்ச்சுமை மிகுந்த மாநிலங்களின் மருத்துவமனைகளில் நோயாளிகளின் இரத்தத்தைக் கொண்டு விரிவாகச் சோதிக்க அரசும் பல்கலைக்கழகங்களும் முன்வர வேண்டும்.