உப்புக் கரையில் ஓர் ஆற்றுப்படை

பிரான்ஸ் தேசத்தில் லுவார் என்று ஒரு நதி ஓடுகிறது. நம் காவேரிக் கரையில் கோயில்கள் எப்படியோ அப்படி அந்த நதியின் கரையில் அரண்மனைகள். ராஜாக்களும் பிரபுக்களும் வேட்டையாடவும் விருந்துண்ணவும் கட்டி வைத்துவிட்டுப் போனவை. இப்போது அங்கே ராஜாவும் இல்லை, வேட்டையும் இல்லை. சைக்கிள்காரர்கள்தாம் வருகிறார்கள். நெவேர் நகரத்தின் பக்கத்தில் தொடங்கி அட்லாண்டிக் சமுத்திரம் வரையில் ஏறக்குறைய 900 கிலோமீட்டர் தூரம் அவர்களுக்கென்றே பாதை போட்டிருக்கிறார்கள். மேடு அதிகம் இல்லை. திராட்சைத் தோட்டம், கோதுமை வயல், ஓர் அரண்மனை, ஒரு மாதா கோயில், பிறகு ஒரு சாப்பாட்டுக் கடை. மறுபடியும் திராட்சைத் தோட்டம். யாருக்கும் அவசரம் இல்லை.

"இதைப் படித்து நாங்கள் என்ன செய்வது? விமானச் சீட்டு வாங்கித் தருகிறீரா?" என்று நேயர்கள் கேட்பது காதில் விழுகிறது. விமானச் சீட்டு வேண்டாம். பாண்டிச்சேரிக்கு ஒரு பஸ் டிக்கெட்டும், அங்கே ஒரு வாடகை சைக்கிளும் போதும். நமக்கும் ஒரு பிரெஞ்சு நாட்டுப்புறம் இருந்தது. அதன் எல்லைகள் இன்னமும் சாலையோரத்துப் பெயர்ப் பலகைகளில் இருக்கின்றன. மோட்டாரில் போகிறவர்களின் கண்ணில் அவை படுவதில்லை, அவ்வளவுதான்.

சைக்கிள் என்ன வேகத்தில் போகவேண்டும் என்பதைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர்களுக்குள்ளேயே இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சிக்குத் தலைவர் ஆன்ரி தெகிராஞ்சு. 1903-ஆம் ஆண்டு பிரான்ஸைச் சுற்றும் புகழ்பெற்ற பந்தயத்தை ஆரம்பித்த பத்திரிகை ஆசிரியர் இவர். வியர்வை, வேகம், வெற்றி ஆகிய மூன்றுமே அவருடைய வேதம். மற்றொரு கட்சிக்குத் தலைவர் போல் தெ விவி என்ற பட்டு வியாபாரி. சேன்த் எத்தியேன் நகரத்துக்காரர். 1887-இல் சைக்கிள் பிரயாணத்துக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். மேட்டில் ஏறும்போது மிதி இலேசாக இருப்பதற்காகப் பல்சக்கரம் மாற்றும் கியர் முறை வேண்டுமென்று ஆயுள் முழுவதும் வாதாடினார். அதெல்லாம் கிழவர்களுக்குத்தான் என்று தெகிராஞ்சு கேலி செய்தார். தம்முடைய பந்தயத்தில் சங்கிலி தாவும் கியரை 1937 வரையில் அனுமதிக்கவில்லை. தெ விவி கவலைப்படவில்லை. பசிக்கும் முன்னே சாப்பிடு, தாகம் எடுக்கும் முன்னே குடி, வீம்புக்காக மிதிக்காதே என்று சீடர்களுக்கு உபதேசம் செய்துகொண்டு 1930-இல் காலமானார். நாம் இந்தப் பட்டு வியாபாரியின் கட்சியில் சேர்ந்துகொள்வோம். நம்முடைய பாதையில் பார்க்கவேண்டியவை அப்படிப்பட்டவை.

பாண்டிச்சேரியிலிருந்து வடக்கே கிளம்பினால் ஊர் முடியும் இடத்தில் கோட்டகுப்பம். இங்கே தமிழ்நாடு ஆரம்பமாகிறது. முதலியார்சாவடிகளைத் தாண்டி, சுமார் 10 கிலோமீட்டரில் பொம்மையார்பாளையம். இதுவும் தமிழ்நாடு. அடுத்துக் காலாப்பட்டு; இது புதுச்சேரி ராஜ்யம். அங்கிருந்து கனகசெட்டிக்குளம் வரையில் புதுச்சேரிதான். அதற்கு அப்பால் மறுபடியும் தமிழ்நாடு. இருபது கிலோமீட்டருக்குள் மூன்று தடவை எல்லை கடந்தாயிற்று. நம்முடைய பாட்டனார் காலத்தில் இதே வழியாகப் போயிருந்தால், வெள்ளைக்கார ராஜாவின் தேசத்திலிருந்து வெள்ளைக்காரக் குடியரசின் தேசத்துக்குப் போய், திரும்பவும் வெள்ளைக்கார ராஜாவின் தேசத்துக்கே வந்திருப்போம். வழியில் பனைமரம் மாறியிருக்காது. வீட்டில் பேசும் பாஷை மாறியிருக்காது. காற்றில் வீசும் கருவாட்டு வாசனை கூட மாறியிருக்காது.

யார் இப்படித் துண்டு போட்டார்கள்? யாரும் உட்கார்ந்து யோசித்துப் போட்டதல்ல. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து வேரூன்றியபோது கையகலம் நிலந்தான் இருந்தது. பிறகு நவாபுகளும் சுபேதார்களும் கடனுக்கும் உதவிக்கும் கைம்மாறாக ஒரு கிராமம் இங்கே, இரண்டு கிராமம் அங்கே என்று கொடுத்தார்கள். நடுவிலே சண்டை வரும், எல்லாம் பறிபோகும். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்து, வீடுகளையும் கோட்டையையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். தூப்ளேக்ஸின் துபாஷாக இருந்து இருபத்தைந்து வருஷம் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, அந்த வீழ்ச்சிக்குச் சில நாள் முன்னால்தான் கண்ணை மூடினார். பிறகு சமாதானம் வரும்; ஊர் திரும்பக் கிடைக்கும். இப்படிக் கைமாறிக் கைமாறி, ஐரோப்பாவில் நெப்போலியன் ஓய்ந்த பிறகு கடைசியாக எஞ்சிய கந்தல் துணிதான் அந்தப் பிரெஞ்சு ராஜ்யம்.

பொம்மையார்பாளையத்தில் சைக்கிளை நிறுத்துவோம். சாலையில் விரைகிறவர்களுக்கு இது இளநீர்க் கடைகளும் தங்கும் விடுதிகளும் நிறைந்த ஒரு கடலோரக் கிராமம். ஆனால் தமிழ் படித்தவர்களுக்கு இது பொம்மபுரம். வீரசைவ மடமான பொம்மபுர ஆதீனத்தின் பழைய இருப்பிடம். மயிலம் மலைமேல் இருக்கும் முருகன் கோயில் இந்த ஆதீனத்தைச் சேர்ந்ததுதான். பதினேழாம் நூற்றாண்டில் சிவஞான பாலைய சுவாமிகள் இங்கே எழுந்தருளியிருந்தபோது, சிவப்பிரகாசர் என்ற இளம் புலவர் வந்து சேர்ந்தார். 'நன்னெறி'யும் 'பிரபுலிங்க லீலை'யும் பாடிய அதே சிவப்பிரகாசர்தாம். கடவுளைத் தவிர மனிதரைப் பாடமாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருந்ததாகவும், முருகனே கனவில் வந்து பூக்களைக் கொடுத்து, உன் குருவுக்கு இவற்றை மாலையாகத் தொடு என்று சொன்னதாகவும் மடத்து மரபு. விழித்தெழுந்தவர் குருவின்மேல் ஒன்றல்ல, பல பிரபந்தங்கள் பாடினார். முப்பத்திரண்டு வயதில் அந்த வாழ்க்கை முடிந்துவிட்டது. தெற்கே பிரெஞ்சுக்காரர் பண்டசாலை கட்டிய அதே நூற்றாண்டில், வடக்கே ஒரு கூப்பிடு தூரத்தில் இங்கே இலக்கியம் பிறந்துகொண்டிருந்தது. ஒருவர் சத்தம் மற்றவர் காதில் விழவில்லை போலிருக்கிறது.

ஊருக்கு மேற்கே செம்மண் மேடு. மழைநீர் அறுத்து அறுத்துச் சிவந்த பள்ளத்தாக்குகள் உண்டாகியிருக்கின்றன. அந்த மேட்டில்தான் 1968 பிப்ரவரி 28-ஆம் தேதி, 124 தேசங்களின் மண்ணை ஒரு தாழியில் இட்டு ஆரோவில் நகரத்துக்குக் கால்கோள் செய்தார்கள். ஊருக்குக் கிழக்கே கடல். முன்பெல்லாம் கட்டுமரங்களை வரிசையாக இழுத்துப் போடும் அளவுக்கு அகன்ற மணற்கரை இருந்தது. 1980-களில் பாண்டிச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். இந்தக் கரையில் அலை ஒவ்வொரு வருஷமும் தெற்கிலிருந்து வடக்கே மணலைச் சுமந்துகொண்டு போகிறது. சுவர் அந்த மணலைத் தடுத்துத் தெற்கேயே நிறுத்திக்கொண்டது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை, கடல் வந்தது. கோட்டகுப்பத்திலிருந்து பொம்மையார்பாளையம் வரையில் கரை கரைந்தது. மீனவர் வீடுகள் விழுந்தன. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி ஒரே காலையில் செய்ததை, இந்த அரிப்பு தினம் கொஞ்சமாகச் செய்துவருகிறது. எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டிய சுவருக்கு இந்தப் பக்கத்துக் குப்பம் வரி கட்டுகிறது என்று சொன்னால் தவறில்லை.

வரி என்றதும் உப்பு ஞாபகம் வருகிறது. இந்தப் பாதையில் நாம் பார்க்கவேண்டிய முக்கியமான சரித்திரச் சின்னம் அதுதான்.

லுவார் நதிக்கரையில் ஆங்கிராந்து என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு பக்கம் பிரித்தானி மாகாணம், மறுபக்கம் ஆன்ழு மாகாணம். பிரான்ஸ் மன்னர்கள் உப்புக்கு 'கபேல்' என்ற வரி போட்டிருந்தார்கள். பிரித்தானிக்கு மட்டும் பழைய உரிமையின்படி அந்த வரி இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் உப்பு மலிவு. அந்தப் பக்கம் இருபது மடங்குக்கு மேல் விலை. எனவே இரவில் உப்பு மூட்டையோடு ஆட்கள் ஓடினார்கள். நாய்களின் முதுகில்கூட உப்பைக் கட்டி அனுப்பினார்கள். அகப்பட்ட ஆண்களை ராஜாவின் கப்பலில் துடுப்புத் தள்ள அனுப்பினார்கள். அந்த வயிற்றெரிச்சலும் சேர்ந்துதான் பிரெஞ்சுப் புரட்சியாக வெடித்தது. 1790-இல் கபேல் ஒழிந்தது. நெப்போலியன் 1806-இல் உப்பு வரியைத் திரும்பக் கொண்டுவந்தார் என்பது வேறு விஷயம்.

உப்புக்காகப் புரட்சி செய்த அந்தத் தேசம் நம்முடைய கரையில் என்ன செய்தது? சென்னை ராஜதானியில் கும்பினியார் 1805-இல் உப்பைத் தங்கள் ஏகபோகமாக்கிக் கொண்டார்கள். ஆனால் பிரெஞ்சுக் கிராமங்களில் உப்பு விளைந்தால், எல்லை தாண்டி வந்துவிடுமே? 1815-இல் இரு தேசத்தாரும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். உள்ளூர்த் தேவைக்குப் போக மிஞ்சும் உப்பையெல்லாம் ஆங்கிலேயருக்கே விற்கவேண்டும். அதற்குப் பதிலாகப் பிரெஞ்சு அரசாங்கத்துக்கு வருஷத்துக்கு நாலு லட்சம் சிக்கா ரூபாய். 1818-இல் இன்னும் ஒரு படி போனார்கள். பிரெஞ்சு எல்லைக்குள் உப்பு விளைவிப்பதையே நிறுத்திவிட வேண்டும். அளம் வைத்திருந்தவர்களுக்கு ஈடாக வருஷத்துக்கு 4,000 வராகன். ஜனங்களுக்கு வேண்டிய உப்பை ஆங்கிலேயரே கொடுப்பார்கள். கடல் அவர்கள் வாசலில் இருந்தது. வெயில் தலைமேல் இருந்தது. ஆனாலும் காலாப்பட்டுக்காரர் கஞ்சிக்கு வேண்டிய உப்பு, இரண்டு தூரதேசத்து அரசாங்கங்களின் கையெழுத்தில் அடங்கிவிட்டது. ஈடு அளத்துச் சொந்தக்காரருக்கு என்று எழுதினார்கள். பாத்தியில் இறங்கி உப்பு வாரியவனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு கனகசெட்டிக்குளத்தைத் தாண்டி மரக்காணத்துக்குப் போகவேண்டும். சுமார் 35 கிலோமீட்டர். இடது கைப்பக்கம் கழுவெளி. ஏரியா, கடலா என்று தெரியாதபடி விரிந்து கிடக்கும் நீர்வெளி. பூநாரைகள் உட்பட வெளிதேசத்துப் பறவைகள் வந்து தங்குகின்றன. 2024-இல் ராம்சார் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். பிறகு கண் கூசும்படி உப்பளங்கள். கழிமுக நீரை வாய்க்காலில் ஏற்றி, பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காயவிட்டு, அடர்த்தி ஏறியதும் கடைசிப் பாத்தியில் உப்புப் பூக்கிறது. நீண்ட கழியில் பொருத்திய பலகையால் அதை வாரி மேட்டில் குவிக்கிறார்கள். தையில் தொடங்கும் வேலை, வடகிழக்குப் பருவமழையோடு நின்றுவிடும். மேலே வெயில், கீழே வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில், காலடியில் உப்பு நீர். 1947-இல் உப்பு வரி ஒழிந்தது. அந்த உழைப்பின் கடுமை ஒழியவில்லை.

இந்த ஊர் நேற்று முளைத்ததல்ல. சென்னையிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாயின் தென்முனை மரக்காணம். ஒரு காலத்தில் படகுகள் இங்கிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு போயின. பூமீசுவரர் கோயில் சோழர் காலத்துக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கிறது. அதற்கும் முன்னே, முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவர் தம் கடல்வழிக் குறிப்பில் இந்தக் கரையில் பொதுகே, சோபட்மா என்று துறைகளைச் சொல்கிறார். பொதுகே பாண்டிச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேடு என்றும், சோபட்மா மரக்காணம் என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். 'சோ' என்றாலும் 'எயில்' என்றாலும் மதில்தான். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினமும் இதுவே என்பது அவர்கள் கொள்கை.

ஆற்றுப்படை என்பது என்ன? பரிசு பெற்று வரும் ஒருவன், எதிரே வரும் ஏழைப் பாணனை நிறுத்தி, இந்த வழியாகப் போ, இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும், இன்னார் உபசரிப்பார் என்று வழி சொல்வது. சிறுபாணாற்றுப்படையில் அப்படி ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் வழி காட்டுகிறார் நத்தத்தனார். அந்தப் பாட்டிலும் உப்பு வண்டி வருகிறது. உமணரோடு கூட வந்த ஒரு பெண் குரங்கு, அவர்களுடைய குழந்தைகளோடு சேர்ந்து, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டுகிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு அருகில் ஆன செய்தி. அன்று இந்தக் கரையில் உப்புக்கு எல்லை இல்லை. வண்டி எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் உப்பும் போயிற்று.

இன்னும் தெம்பு இருந்தால் வடக்கே 15 கிலோமீட்டர் மிதியுங்கள். கடப்பாக்கத்தின் அருகே ஆலம்பரைக் கோட்டை. நவாபின் நாணயச் சாலை இருந்த இடம். 1736-இல் பிரெஞ்சு கவர்னர் துய்மா, நவாப் தோஸ்த் அலிகானிடம் பாண்டிச்சேரியிலேயே ரூபாய் அடிக்கும் உரிமை வாங்கினார். 1750-இல் கோட்டையே தூப்ளேக்ஸுக்கு வெகுமதியாக வந்தது. 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தார்கள். மிச்சத்தைக் கடல் இடித்துக்கொண்டிருக்கிறது. லுவார்க் கரையில் ஒரு கல் பெயர்ந்தால் நூறு பேர் ஓடி வருகிறார்கள். இங்கே செங்கல் சுவரில் ஆலும் அரசும் வேர்விட, ஆட்டுக்குட்டிகள் நிழலுக்கு ஒதுங்குகின்றன. இந்தப் பகுதிக்குப் பெயர் இடைக்கழிநாடு. நத்தத்தனாரை 'இடைக்கழிநாட்டு நல்லூர்' என்று ஊர்ப்பெயரோடு சேர்த்தே சொல்வது மரபு. வழிகாட்டியின் சொந்த ஊருக்கே வந்துவிட்டோம்!

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி முடிந்தது. அந்நியர் போட்ட கோடுகள் இப்போது மாநில எல்லைகளாக மட்டும் நிற்கின்றன. சைக்கிளை நிறுத்திச் சோதனை போடுகிறவர் யாரும் இல்லை.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். விடியுமுன் கிளம்பிவிடுங்கள். சாலையில் வண்டிகளின் வேகம் அதிகம், ஓரமாகவே போங்கள். தண்ணீர் நிறைய வேண்டும். மாசிக்குப் பிறகு போனால் உப்பு வாருவதைப் பார்க்கலாம். அளத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு வரப்பில் இறங்குங்கள். கேட்டால் ஒரு பிடி உப்பு கையில் வைப்பார்கள். அதற்கு விலை கேட்கமாட்டார்கள்; எந்தத் தேசத்து உப்பு என்றும் சொல்லமாட்டார்கள்.