எவால்வ் மாநாடுகளும் பல்தளச் செயலி உருவாக்கமும் (2013–2016)

சாமரின் நிறுவனம் 'எவால்வ்' என்னும் நிரலாளர் மாநாட்டை மும்முறை நடத்தியது: 2013இல் ஆஸ்டின், 2014இல் அட்லாண்டா, 2016இல் ஆர்லாண்டோ. சி ஷார்ப் மொழியில் எழுதப்பெற்ற நிரலின் பெரும்பகுதியை மாற்றமின்றி ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு, மேக் ஆகியவற்றிற்குப் பயன்படுத்துவதே இவற்றின் மையப்பொருள். தொடக்கத்தில் இடைமுகத்தை ஒவ்வோர் இயங்குதளத்திற்கும் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது. 2014இல் வெளிவந்த சாமரின் ஃபார்ம்ஸ் அதனையும் பொதுவாக்க முயன்றது.

இம்முயற்சியின் வேர் 2001இல் மிகேல் டி இகாசா முன்னெடுத்த 'மோனோ' திட்டத்தில் உள்ளது. விண்டோஸைச் சார்ந்திருந்த மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டை லினக்ஸுக்குக் கொணர்வது அதன் நோக்கம். அதனைப் பேணிவந்த நாவல் நிறுவனம் 2011இல் அட்டாச்மேட்டின் வசமானபோது மோனோ குழுவினர் பணியிழந்தனர். அவ்வாண்டு மே மாதமே டி இகாசாவும் நாட் ஃபிரீட்மனும் சாமரினைத் தோற்றுவித்தனர். ஓர் உரிமையாளரின் முடிவால் குலைந்த குழு, ஐந்தாண்டுகளில் மற்றோர் உரிமையாளரிடம் சென்றது. சாமரினை வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் 2016 பிப்ரவரியில் அறிவித்தது.

ஏப்ரலில் ஆர்லாண்டோ மாநாட்டில் சாமரின் கருவிகளின் மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் வெளியிடப்பெற்றது. கட்டண உரிமத்தில் விற்கப்பட்டவை பொதுவுடைமையானதை நிரலாளர் வெற்றியாகக் கொண்டது இயல்பே. எனினும் எவால்வ் என்ற பெயரில் பின்னர் மாநாடு நிகழவில்லை. மூலநிரல் திறந்திருந்தும், பராமரிப்பு குறித்த முடிவு நிறுவனத்திடமே தங்கிற்று. 2024 மே 1இல் சாமரினுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. பயனர்கள் 2022இல் வெளிவந்த டாட்நெட் மாவிக்குத் தம் செயலிகளை மாற்ற வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் மோனோ திட்டம், விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்கும் 'வைன்' குழுவினரிடம் ஒப்படைக்கப்பட்டது.