பிரகாச மாதா ஆலயம், மயிலாப்பூர்

சென்னையில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய தேவாலயங்களுள் ஒன்று, போர்ச்சுகீசியர் கட்டியது. ஊர் வழக்கில் லஸ் கோயில். சுற்றிலும் மரங்கள் அடர்ந்திருந்த நாளில் வந்த ‘காட்டுக் கோயில்’ என்ற பெயர், வாகனங்கள் முட்டி மோதும் லஸ் பகுதியில் இன்று கேட்பவரைத் திகைக்க வைக்கும்.

நடுக்கடலில் வழி தவறிய மாலுமிகளை ஓர் ஒளி கரைசேர்த்து, இவ்விடத்தில் மறைந்ததாம். நன்றிக்கடனாக எழுந்ததே கோயில் என்பது மரபுக்கதை. கோயிலின் கல்வெட்டு 1516 என்ற ஆண்டையும் பெட்ரோ த அதோகியா என்ற பிரான்சிஸ்கன் துறவியின் பெயரையும் தருகிறது. போர்ச்சுகீசியர் மயிலாப்பூரில் குடியேறியதே 1520களில்தான் என்பதால், அந்த ஆண்டை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. கட்டடம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கொள்வதே பொருத்தம்.

அளவில் சிறியது. கூர்முனை வளைவுகளில் கோதிக் பாணியும், அலங்காரத்தில் பரோக் பாணியும் கலந்துள்ளன. உள்ளே அண்ணாந்து பார்த்தால் ஓவியம் தீட்டிய வளைகூரை. எதிரே பொன் வேலைப்பாடுள்ள பீடம். அருகிலுள்ள சாந்தோம் பேராலயத்தைக் காணக் கூடும் கூட்டம் இங்கு வருவதில்லை. ஆனால் அந்தப் பேராலயத்தின் இன்றைய கட்டடம் 1896இல்தான் நிறைவுபெற்றது. வயதில் இதுவே மூத்தது.