நோஞ்சான் குட்டியும் ஒரு பிடி பச்சைப் புல்லும்

கினிப் பன்றி என்பது பன்றியும் அல்ல, கினி நாட்டுப் பிராணியும் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதியில் பல ஆயிரம் ஆண்டுகளாக வீட்டில் வளர்க்கப்படும் ஒரு கொறிக்கும் பிராணி. எலிக்குட்டி கண் திறக்காமல், உடம்பில் முடியே இல்லாமல் பிறக்கும். கினிப் பன்றிக் குட்டியோ தாயின் வயிற்றில் ஏறக்குறைய 68 நாள் இருந்துவிட்டு, திறந்த கண்ணோடும் ரோமத்தோடும் பற்களோடும் பிறக்கிறது. சில மணி நேரத்தில் ஓடுகிறது. ஓரிரு நாளில் புல்லைக் கடிக்கத் தொடங்கிவிடுகிறது.

இப்படிப்பட்ட குட்டிக்குத் தனியாக என்ன கவனிப்பு வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் தாய்க்கு இருப்பது இரண்டே காம்புகள். நான்கைந்து குட்டிகள் பிறந்துவிட்டால் 100 கிராம் எடையுள்ள குட்டி, 60 கிராம் கூட இல்லாத குட்டியைத் தள்ளிவிட்டுப் பாலைக் குடித்துவிடும். தள்ளப்பட்ட குட்டி பசியில் சோர்ந்து, உடல் சூடு குறைந்து, இரண்டொரு நாளில் இறந்துபோகும். அதைக் காப்பாற்ற முக்கியமாக வேண்டியவை வெதுவெதுப்பும் பச்சைத் தீவனமும். ஆண்டீஸ் வீடுகளில் இந்த இரண்டும் எப்போதும் இருந்தன. ஆய்வுக்கூடங்கள்தான் இவற்றைத் தொலைத்துவிட்டு மறுபடியும் தேட வேண்டியிருந்தது.

ஆண்டீஸ் மலைவாசிகள் இந்தப் பிராணியைக் 'கூய்' என்று அழைக்கிறார்கள். அது கத்தும் ஒலியே அதன் பெயர். கூய்களை அவர்கள் வளர்த்தது கொட்டகையில் அல்ல, சமையலறையில். அடுப்பின் சூட்டில், தரையில் ஓடித் திரியும். பெண்கள் பிடுங்கி வந்த பச்சைப் புல்லும் சமையலில் மிஞ்சிய காய்கறித் தோலும்தான் அதன் உணவு. கூட்டமாக வாழ்வதால் ஒரு தாயிடம் பால் கிடைக்காத குட்டி வேறொரு தாயிடம் போய்க் குடிப்பதும் உண்டு. உணவுக்காக வளர்த்த பிராணிதான், செல்லப் பிராணி அல்ல. ஆனாலும் நோஞ்சான் குட்டி பிழைக்க இதைவிட நல்ல இடம் அமைவது கடினம்.

பதினாறாம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பா போன கினிப் பன்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வுக்கூடப் பிராணியாகிவிட்டது. 1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை நிரூபித்தது இதை வைத்துத்தான். தேவை பெருகியதும் அடுப்படிக்குப் பதிலாகக் கூண்டு வந்தது, புல்லுக்குப் பதிலாகத் தானியமும் வந்தது.

1907-இல் நார்வேயின் கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஆஸ்லோ) ஆக்சல் ஹோல்ஸ்ட் என்ற சுகாதாரப் பேராசிரியரும் தியோடர் ஃப்ரோலிக் என்ற குழந்தை மருத்துவரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கப்பல் தொழிலாளர்களுக்கு வரும் பெரிபெரி போன்ற நோயை ஆராய்வதுதான் ஹோல்ஸ்டின் நோக்கம். முதலில் புறாக்களை வைத்துப் பார்த்தார். பிறகு கினிப் பன்றிகளுக்குத் தானியமும் ரொட்டியும் மட்டும் கொடுத்தபோது எதிர்பார்த்த நோய் வரவில்லை. ஈறுகள் கெட்டு, எலும்புகள் பலவீனமாகி, மனிதருக்கு வரும் ஸ்கர்வி அப்படியே வந்தது! முட்டைக்கோஸும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தால் அது வராமல் தடுக்க முடிந்தது. அவர்கள் எலியையோ கோழியையோ எடுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. அவை வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்ளும். கினிப் பன்றியால் முடியாது, மனிதனாலும் முடியாது.

இதை எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வைட்டமின் ஆராய்ச்சியில் பெரிய பெயரான அமெரிக்க அறிஞர் மெக்காலம் கூட, கினிப் பன்றிக்கு வருவது மலச்சிக்கலின் விளைவு என்று 1917-இல் வாதிட்டார். பெரியவர்களும் சறுக்குவது உண்டு. 1930-களின் தொடக்கத்தில் சென்ட் ஜியார்ஜி, தான் பிரித்தெடுத்த அமிலம்தான் வைட்டமின் சி என்று காட்டியபோது அதற்கும் சாட்சி கினிப் பன்றிதான். 1937-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

குட்டிகளின் கதைக்கு இது ஏன் முக்கியம்? சாதாரண நாளில் ஒரு கிலோ எடைக்குத் தினமும் 10 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். சினையாக இருக்கும்போது 30 மில்லிகிராம் வரை தேவைப்படும். அது கிடைக்காத தாய் செத்த குட்டிகளையோ நோஞ்சான் குட்டிகளையோ ஈனும். குட்டியைக் கவனிப்பது அது பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

இன்னொரு காரணமும் அதே காலத்தில் வெளிப்பட்டது. அமெரிக்க வேளாண் துறை 1906-இல் கினிப் பன்றிகளில் உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாக இணைக்கும் சோதனையைத் தொடங்கியது. 1915-இல் அதை ஏற்ற சீவால் ரைட், 1922-இல் முடிவுகளை வெளியிட்டார். பிறப்பு எடையும் பிழைத்து வளரும் குட்டிகளின் விகிதமும் குறைந்திருந்தன. வெவ்வேறு குடும்பங்களைக் கலந்தபோது வலிமை திரும்பியது.

அடுப்புச் சூட்டின் ரகசியம் 1960-களில் ஜெர்மனியில் தெளிவானது. மார்பர்க் நகரில் கர்ட் புரூக் குழுவினர், புதிதாகப் பிறந்த குட்டி நடுங்காமலேயே தன் தோள்பட்டைகளுக்கு இடையிலுள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துச் சூடு உண்டாக்குவதை ஆராய்ந்தார்கள். அந்தக் கொழுப்பு தீர்வதற்குள் வயிற்றில் பால் விழ வேண்டும்.

பெருவில் லா மொலினா ஆய்வு நிலையம் 1960-களிலிருந்து பெரிய கூய் இனங்களை உருவாக்கியது. அங்கே பண்ணைகளில், பெரியவை நுழைய முடியாத சிறு வேலியடைப்பு வைத்தார்கள். அதற்குள் குட்டிகள் மிதிபடாமல், சூடாக, நல்ல தீவனத்தைத் தனியாகத் தின்னும். இறப்பு குறைந்தது.

இன்று வீட்டில் வளர்ப்பவர்களும் இதையே சிறிய அளவில் செய்கிறார்கள். குட்டியைத் தினமும் எடை போடுகிறார்கள். கூண்டின் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக வைத்து, வேண்டாதபோது விலகிக்கொள்ள மறுபக்கத்தை விடுகிறார்கள். பெரிய குட்டிகளைச் சிறிது நேரம் பிரித்து வைத்து நோஞ்சானைத் தாயிடம் விடுகிறார்கள். தாய் இல்லையென்றால் ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகப் புகட்டுகிறார்கள். மல்லாக்கப் பிடித்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், அதனால் குட்டி நிமிர்ந்தே இருக்க வேண்டும். புகட்டியபின் ஈரப் பஞ்சால் அடிப்பகுதியைத் துடைத்துவிடுகிறார்கள், தாய் நக்கிவிடுவதற்குப் பதிலாக. பக்கத்தில் ஒரு பிடி பச்சைப் புல்லும் கிடக்கும்.