மருந்து போகும் வழியும் அதற்கு ஆகும் நேரமும்: அவசர ஊர்தி மருந்தியலைக் கற்பிக்க வேண்டிய முறை

அவசர ஊர்தியில் கொடுக்கப்படும் மருந்துகள் அதிகம் இல்லை. ஆக்சிஜன், அட்ரினலின், அட்ரோபின், ஆஸ்பிரின், நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட், குளுக்கோஸ், மிடாசோலம், மெக்னீசியம் சல்பேட், நலோக்சோன், டிரனெக்சாமிக் அமிலம் என்று எண்ணினால் முக்கியமானவை பத்து விரல்களுக்குள் அடங்கிவிடும். நாட்டுக்கு நாடு சில கூடும், சில குறையும். மருந்தியல் நூல்கள் இவற்றை, எந்த ஏற்பியில் வேலை செய்கின்றன என்பதை வைத்து வகைப்படுத்துகின்றன. மருத்துவக் கல்லூரி வகுப்புக்கு அது பொருந்தும். தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய 108 சேவையின் மருத்துவ உதவியாளரைப் போல, வீட்டுக் கூடத்திலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ மண்டியிட்டு வேலை பார்ப்பவருக்கு அந்த வரிசை போதாது. மருந்து எந்த வழியில் போனால் விரைவில் சேரும், சேர்ந்தபின் எவ்வளவு நேரம் நிற்கும், எந்த நேரத்துக்குப் பின் கொடுத்தால் கெடுதல் செய்யும் என்ற மூன்று கேள்விகளை முன்வைத்தே அவருக்கான பாடம் அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒவ்வாமை அதிர்ச்சிக்குக் கொடுக்கும் அட்ரினலினே இதற்கு முதல் சான்று. எஸ்டெல் சைமன்ஸ் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்கு இம்மருந்தைத் தோலுக்கடியில் போட்டபோது இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தை எட்டச் சராசரியாக 34 நிமிடங்கள் ஆயின. தொடைத் தசையில் போட்டபோது 8 நிமிடங்களே ஆயின. மருந்து ஒன்றுதான், மாறியது வழி மட்டும். தோலுக்கடியில் உள்ள நுண்ணிய குழாய்களை அட்ரினலின் சுருக்கிவிடுவதால், தான் போக வேண்டிய வாசலைத் தானே அடைத்துக்கொள்கிறது. தசையின் இரத்தக் குழாய்களில் அதன் வேலை பெரும்பாலும் விரிப்பது. தொண்டை வீங்கி மூச்சடைக்கும் நிலையில் இந்த 26 நிமிட வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்டது. பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில், தேவைப்பட்டால் 5 நிமிடம் கழித்து மறுபடியும் என்ற விதி இந்த அறிவிலிருந்து பிறந்தது. ஆன்டிஹிஸ்டமினும் ஸ்டீராய்டும் அட்ரினலினுக்கு ஈடாகா என்பதை இதனுடன் சேர்த்தே சொல்ல வேண்டும். அவை வேலை செய்யத் தொடங்கும் முன்பே நோயாளி கைநழுவிப் போகலாம்.

செறிவையும் இதே மருந்தைக் கொண்டு கற்பிக்கலாம். ஒரு மில்லிலிட்டர் ஆம்பூலைக் கையில் எடுத்தால், சில லேபிள்களில் ஆயிரத்தில் ஒன்று என்ற விகிதம் மட்டுமே கண்ணில் படும். ஆயிரம் மில்லிலிட்டரில் ஒரு கிராம், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் என்பது அதன் பொருள். பத்தாயிரத்தில் ஒன்று என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. அரை மில்லிகிராம் வேண்டுமானால் முதலாவதில் அரை மில்லிலிட்டர், இரண்டாவதில் ஐந்து மில்லிலிட்டர். ஓடும் வண்டியின் குலுக்கலில், மங்கலான வெளிச்சத்தில், இந்தச் சுழியங்களை மனதில் நகர்த்துவது எவருக்கும் எளிதல்ல. இதயம் நின்றவருக்குச் சிரைவழி கொடுக்கும் ஒரு மில்லிகிராமை, இதயம் துடித்துக்கொண்டிருக்கும் ஒவ்வாமை நோயாளியின் சிரையில் அப்படியே செலுத்தினால் இரத்த அழுத்தம் எகிறும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். அமெரிக்காவில் 2016 முதல் அட்ரினலின் லேபிளில் விகித முறை கைவிடப்பட்டு, மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதும் முறை வந்தது. கணக்கை மனிதரின் நினைவிலிருந்து எடுத்து லேபிளிலேயே எழுதிவிடும் அந்த முடிவு எங்கும் பின்பற்றத் தக்கது. கரைசல் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் மருந்து கெட்டுவிட்டது. ஆம்பூலை உடைக்கும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதும் மருந்தியலே.

சிரைவழிதான் எப்போதும் விரைவான வழி என்று நம்புவது இயல்பு. வலிப்பு நோயாளிகளிடம் அமெரிக்க அவசர ஊர்திப் பணியாளர்கள் நடத்தி 2012இல் வெளியான ராம்பார்ட் ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. தசையில் போட்ட மிடாசோலமும் சிரையில் போட்ட லோராசெபாமும் அதில் ஒப்பிடப்பட்டன. மருந்து உள்ளே போனபின் வலிப்பை விரைவில் நிறுத்தியது சிரைவழி ஊசிதான்: 1.6 நிமிடம். தசைவழி ஊசிக்கு 3.3 நிமிடம் பிடித்தது. ஆனால் துள்ளும் கையில் சிரையைத் தேடிப் பிடித்து மருந்தைச் செலுத்தவே 4.8 நிமிடம் ஆனது. தொடையில் குத்த 1.2 நிமிடம் போதுமாயிருந்தது. மருத்துவமனை சேரும்போது வலிப்பு நின்றிருந்தவர்கள் தசைவழியில் 73 சதவீதத்துக்கும் மேல்; சிரைவழியில் 63 சதவீதம். மருந்தின் வேகத்தோடு மருந்து கொடுப்பவரின் கையின் வேகத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய ஆய்வு வேறில்லை. மிடாசோலம் இதற்கு ஏற்றதாக இருப்பதற்கு அதன் வேதியியலே காரணம். அமிலத்தன்மையுள்ள ஆம்பூலில் அது நீரில் கரைந்திருக்கும். உடலுக்குள் வந்ததும் கொழுப்பில் கரையும் வடிவுக்கு மாறி மூளைக்குள் நுழையும். டயசெபாமைத் தசையில் போட்டால் அது ஒரே சீராக உறிஞ்சப்படுவதில்லை.

தசைவழிக்கும் எல்லை உண்டு. விபத்தில் இரத்தம் இழந்து கைகால் சில்லிட்டவரின் தசைக்கு இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அவருக்கு மார்ஃபினைத் தசையில் போட்டால் அது அங்கேயே தேங்கும். வலி குறையவில்லையே என்று இன்னொரு ஊசி போட்டு, பிறகு சலைன் ஏறி இரத்த ஓட்டம் திரும்பும்போது, தேங்கிய இரண்டும் ஒன்றாகக் கலந்து மூச்சை அடக்கிவிடும். சிரை கிடைக்காத இப்படிப்பட்டவருக்குக் கீழ்க்கால் எலும்பின் மஜ்ஜைக்குள் ஊசி செலுத்தும் வழி இருக்கிறது. மெக்னீசியத்தில் கதை நேர்மாறு. பிரசவ வலிப்பு கண்ட தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன், கிராம சுகாதார செவிலியர் இரு பிட்டத்திலும் ஐந்தைந்து கிராம் ஆழமாகப் போடுவதற்கு நம் நாட்டு நெறிமுறை இடம் தருகிறது. மெல்ல உறிஞ்சப்படுவதே அங்கு நன்மை. வழிப்பயணம் முழுவதும் மருந்து துணைக்கு வரும். அளவு மீறினால் மூச்சு தளரும் முன்பே முழங்கால் துடிப்பு மறைந்துவிடும். அதைத் தட்டிப் பார்க்கும் பழக்கமும், முறிவு மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட்டும் கூடவே இருக்க வேண்டும்.

மாரடைப்பில் நாக்கடி மாத்திரை ஏன் நாக்கடியில் இருக்க வேண்டும் என்பதும் வழி பற்றிய கேள்விதான். விழுங்கினால் நைட்ரேட்டின் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். நாக்கடிச் சிரைகள் கல்லீரலைத் தொடாமல் நேரே இதயப் பக்கம் போகின்றன. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வது விரைவில் உறிஞ்சப்படுவதற்காக. 17,187 பேரிடம் நடந்து 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் ஆஸ்பிரின் தனியாகவே இதய, இரத்தக்குழாய்ச் சாவுகளைச் சுமார் கால்பங்கு குறைத்தது. நைட்ரேட்டுக்கு அத்தகைய உயிர்காப்புச் சான்று இல்லை. இரத்த அழுத்தம் தாழ்ந்தவருக்கும் அண்மையில் சில்டெனாஃபில் சாப்பிட்டவருக்கும் அது ஆபத்து. நெஞ்சுவலி என்றதும் கை முதலில் நாக்கடி மாத்திரைக்குப் போவது நம்மிடையே பழகிப்போனது. முதலில் போக வேண்டியது ஆஸ்பிரினுக்கு.

மருந்தளவு முன்கூட்டியே முடிவாகாத மருந்துகளும் உண்டு. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து நஞ்சில் அட்ரோபின் அப்படிப்பட்டது. நஞ்சு அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குவதால் எச்சிலும் சளியும் பெருகி, நோயாளி தன் நுரையீரலிலேயே மூழ்குகிறார். 0.6 மில்லிகிராம் ஆம்பூல்கள் மூன்றை, அதாவது 1.8 மில்லிகிராமைச் செலுத்திவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை நுரையீரலின் அடிப்பகுதியில் வைத்துக் கேட்கிறார்கள். கொரகொரப்பு குறையாவிட்டால் 5 நிமிடத்தில் இரட்டிப்பு, மறுபடி கேட்டல், மறுபடி இரட்டிப்பு. நெஞ்சு காய்ந்து, துடிப்பு நிமிடத்துக்கு 80ஐத் தாண்டி, இரத்த அழுத்தம் நிலைபெறும்வரை இது தொடரும். கண்மணி விரிந்ததா என்பதை மட்டும் நம்பி நிறுத்தினால் ஈரமான நுரையீரலோடு நோயாளியை விட்டுவிட நேரும். தசைத் தளர்ச்சியை அட்ரோபின் தொடுவதில்லை. ஆகவே நெஞ்சு தெளிந்தபின்னும் மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காலம் கடந்தால் மருந்தே நஞ்சாகும் என்பதற்கு டிரனெக்சாமிக் அமிலம் சான்று. 20,211 விபத்து நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வின் தொடர் பகுப்பாய்வில், காயமுற்ற ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் இரத்தப்போக்கால் இறந்தவர்கள் 5.3 சதவீதம், பெறாதவர்களில் 7.7. மூன்று மணி நேரம் கடந்து பெற்றவர்களில் 4.4, பெறாதவர்களில் 3.1. கோடு தலைகீழாகத் திரும்பிவிட்டது. விபத்து எத்தனை மணிக்கு நடந்தது என்று அருகில் நிற்பவரிடம் கேட்பதும் இங்கே சிகிச்சையின் ஒரு பகுதி.

நெறிமுறை அட்டையைப் பின்பற்றினால் போதும், இந்த விளக்கமெல்லாம் உதவியாளருக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. ஆக்சிஜன் அவர்களுக்கு விடை சொல்கிறது. மூச்சுத்திணறல் என்றால் நிறைய ஆக்சிஜன் என்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. டாஸ்மேனியாவில் அவசர ஊர்திப் பணியாளர்கள் 405 நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கலாம் என்று கருதப்பட்டவர்களுக்கு இரத்த ஆக்சிஜன் செறிவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் நிறுத்தி அளந்து கொடுத்தபோது சாவு 9 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. அட்டையில் ஆக்சிஜன் என்று மட்டும் எழுதியிருந்தால் அதன் குழாயைத் திருகிக் குறைக்கத் தோன்றாது. அட்ரினலினும் இப்படியே. இதயம் நின்ற 8,014 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2018இல் வெளியான பாராமெடிக்-2 ஆய்வில், அம்மருந்து பெற்றவர்களில் 30 நாள் உயிரோடு இருந்தவர்கள் 3.2 சதவீதம், பெறாதவர்களில் 2.4. பிழைத்தவர்களில் கடும் மூளைப் பாதிப்பு அட்ரினலின் பெற்றவர்களிடம் அதிகம். மார்பை அழுத்துவதை நிறுத்திவிட்டுச் சிரை தேடக்கூடாது என்பதை இந்த எண்களை அறிந்தவர் நெருக்கடியிலும் மறக்கமாட்டார்.

மருந்து நிற்கும் காலம் பயணத்தோடு முடிவதில்லை. ஓபியாய்டு மிகையால் மூச்சடங்கியவர் நலோக்சோன் போட்டதும் கண்விழித்து வீட்டுக்குப் போகிறேன் என்பார். நலோக்சோனின் அரை ஆயுட்காலம் ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். மெத்தடோன் போன்ற மருந்துகள் அதைவிட நெடுநேரம் நிற்கும். மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும், மருந்தின் பெயரோடு அளவு, வழி, கொடுத்த மணி, நிமிடம் நான்கும் தாளில் இருக்க வேண்டும். அடுத்த ஊசி எப்போது தேவைப்படும் என்பதை அங்குள்ள மருத்துவர் கணக்கிடுவது அந்த நிமிடத்திலிருந்துதான்.